இடித்துவிட்டுப் போனவனைக் காணோம்: செலவு யார் தலையில்?

நிறுத்திய இடத்தில்தான் கார் நிற்கிறது. ஆனால் பின்கதவு உள்ளே அமுங்கியிருக்கிறது, பம்பர் ஒரு பக்கம் தொங்குகிறது. இடித்தவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒன்று நடந்தால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. "தப்பு உங்கள்மேல் இல்லையே, பிரீமியம் ஏறாது" என்பார் ஒருவர். "ஃபுல் இன்சூரன்ஸ்தானே, முழுசா வந்துடும்" என்பார் இன்னொருவர். "போலீஸில் எழுதிக் கொடுத்தால் அதற்கென்று அரசாங்க நிதி இருக்கிறது" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றையும் அப்படியே நம்பினால் கையிலிருந்து பணம் போகும்.

விபத்து என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி "யார்மேல் தப்பு?" என்பதுதான். வழக்கமான விபத்தில் அது சரியான கேள்வி. இடித்தவர் ஓடிவிட்ட விபத்தில், தப்பு யாருடையது என்று உலகுக்கே தெரிந்தாலும் அதனால் பத்து காசு வராது. அங்கே கேட்க வேண்டியது வேறு: "என் பாலிசியில் என் வண்டிக்கென்று என்ன இருக்கிறது?" ஏன் இப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

கட்டாயக் காப்பீடு யாருக்கான ஜாமீன்?

ஒருவர் கடன் வாங்குகிறார், இன்னொருவர் அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். வாங்கியவர் கட்டாவிட்டால் கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டும். கடன் கொடுத்தவருக்கும் ஜாமீன்தாரருக்கும் நடுவில் நேரடிக் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. கடனாளி இன்னார் என்று காட்டினால்தான் அவருக்கு ஜாமீன் நின்றவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியும்.

சாலையில் ஓடும் வண்டிகளுக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் காப்பீடு இந்த மாதிரி ஜாமீன்தான். அதன் பெயர் மூன்றாம் நபர் காப்பீடு, பேச்சில் தேர்ட் பார்ட்டி. ஒரு வண்டியால் பிறர் உடலுக்கோ பொருளுக்கோ ஏற்படும் சேதத்துக்கு, அந்த வண்டிக்குக் காப்பீடு தந்த நிறுவனம் பொறுப்பேற்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1927இலேயே இதைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் இது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தானாக வந்து விழுகின்றன.

நான் கட்டும் தேர்ட் பார்ட்டி, நான் மற்றவர்களுக்குச் செய்யும் சேதத்துக்கான ஜாமீன். என் காரில் விழும் கீறலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டிக்கு இந்தக் கட்டாயக் காப்பீடு மட்டும் வைத்துக்கொண்டு "இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். இருக்கிறதுதான், ஆனால் எதிரே வருபவருக்காக.

அதேபோல, என்னை இடித்தவரின் தேர்ட் பார்ட்டி எனக்குப் பணம் தரக் கடமைப்பட்டது. ஆனால் அவர் யார், அவருக்கு ஜாமீன் நின்றது எந்த நிறுவனம்? அது தெரியாதவரை அந்தப் பணம் இருந்தும் எனக்கு இல்லை. ஹிட் அண்ட் ரன்னின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது.

நம்பர் தெரிந்தால் கதையே வேறு

இந்திய மோட்டார் வாகனச் சட்டம் ஹிட் அண்ட் ரன்னை விளக்கும் விதம் கவனிக்கத்தக்கது. நியாயமான முயற்சி செய்தும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாத வாகனத்தால் நேர்ந்த விபத்து என்கிறது அது. இடித்தவர் நிற்காமல் போனார் என்பது மட்டும் போதாது. எந்த வண்டி என்றும் தெரியாமல் இருக்க வேண்டும்.

ஆகவே பதிவெண் கிடைத்துவிட்டால் காப்பீட்டுக் கணக்கில் இது சாதாரண விபத்தாகிவிடுகிறது. ஓட்டிப்போனவர் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஜாமீன் வண்டியோடு போகிறது, வண்டிக்கு எண் இருக்கிறது. இந்தியாவில் வாகன் பதிவேட்டிலிருந்து காப்பீட்டு நிறுவனத்தைக் கண்டுபிடிக்கலாம். பிரிட்டனில் இதற்கென்றே தேசிய அளவிலான காப்பீட்டுத் தரவுத்தளம் இருக்கிறது. இடித்துவிட்டுப் பறக்கும் வண்டியைத் துரத்துவது முட்டாள்தனம், எண்ணைப் படித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். முழு எண் கிடைக்காவிட்டாலும் கடைசி நான்கு இலக்கமும் நிறமும் மாடலும் சேர்ந்தால் போலீஸுக்குப் பெரிய உதவி.

எண் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கட்டுரையின் மீதி அதைப் பற்றித்தான்.

சொந்தச் சேதம்: உண்மையில் கைகொடுப்பது

பாலிசியின் இன்னொரு பகுதிக்குச் சொந்தச் சேதக் காப்பீடு என்று பெயர், பேச்சில் ஓன் டேமேஜ். என் வண்டிக்கு ஏற்படும் சேதத்தை என் நிறுவனமே தருவது. யார் தப்பு என்பது இதில் முதல் கேள்வியாகவே வருவதில்லை. நானே தூணில் போய் இடித்தாலும் தரும், யாரோ வந்து இடித்துவிட்டு ஓடினாலும் தரும். எதிராளி யாரென்று காட்டத் தேவையில்லை, ஏனென்றால் இங்கே எதிராளியே வேண்டாம். எனக்கும் என் நிறுவனத்துக்கும் நடுவிலான ஒப்பந்தம் இது.

தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த பாலிசியைத்தான் இந்தியாவிலும் பிரிட்டனிலும் காம்ப்ரிஹென்சிவ் என்கிறார்கள், நம் பேச்சில் ஃபுல் இன்சூரன்ஸ். அது கையில் இருந்தால், ஓடிப்போனவர் செய்த சேதத்துக்கு வழி இருக்கிறது.

ஆனால் நாடு மாறினால் இந்தப் பெயர் காலை வாரிவிடும். அமெரிக்காவில் காம்ப்ரிஹென்சிவ் என்ற பகுதி திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை, குறுக்கே வந்த மான் போன்றவற்றுக்கானது. வேறு வண்டி வந்து மோதியதற்கு அங்கே கொலிஷன் என்ற தனிப் பகுதி வேண்டும். ஜெர்மனியிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. டைல்காஸ்கோ என்ற பகுதிக் காப்பீடு திருட்டு, தீ, இயற்கைச் சேதம் போன்றவற்றுக்குத்தான். நிறுத்திவைத்த காரை யாரோ இடித்துவிட்டுப் போனால் ஃபோல்காஸ்கோ என்ற முழுக் காப்பீடு இருந்தால்தான் பணம். ஊர்விட்டு ஊர் போய் அங்கே கார் வாங்கும் நம்மவர்கள் பழைய நினைப்பில் "காம்ப்ரிஹென்சிவ் போதும்" என்று சொல்லிவிடுவது உண்டு. பெயரைப் பார்க்காமல், "வேறு வண்டி மோதினால் என் வண்டிக்குத் தருமா?" என்று கேட்டு வாங்குவதே நல்லது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இடித்தவரின் தேர்ட் பார்ட்டி தர வேண்டும், ஆனால் அவர் தெரியாததால் கேட்க முடியாது. நம் தேர்ட் பார்ட்டி நமக்குத் தராது. நம் ஓன் டேமேஜ் இருந்தால் அது தரும்.

அமெரிக்காவில் இன்னொரு கதவு

காப்பீடு இல்லாமல் ஓட்டுபவர்கள் அமெரிக்காவில் ஒரு பழைய தலைவலி. அதனால் காப்பீடற்ற ஓட்டுநர் காப்பீடு என்று ஒன்று அங்கே விற்கிறார்கள். இடித்தவரிடம் காப்பீடு இல்லையென்றால், அவருக்கு இருந்திருக்க வேண்டிய ஜாமீனின் இடத்தில் நம் நிறுவனமே உட்கார்ந்துகொள்ளும். ஓடிப்போனவரிடம் காப்பீடு இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவரைக் காப்பீடற்றவராகவே வைத்துக்கொண்டு உடல் காயத்துக்குப் பணம் தரும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது.

வண்டிச் சேதம் என்று வந்தால் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். கலிஃபோர்னியாவில் இந்தக் காப்பீட்டின் பொருட்சேதப் பகுதி 3,500 டாலர் வரைதான், அதுவும் இடித்த வண்டியோ அதன் ஓட்டுநரோ அடையாளம் தெரிந்திருந்தால் மட்டும். தெரியாத ஆள் இடித்துவிட்டு ஓடினால் அந்தப் பகுதி கைகொடுக்காது, கொலிஷன்தான் வேண்டும். டெக்ஸஸில் அடையாளம் தெரியாத வண்டிக்கும் கிடைக்கும், ஆனால் அந்த வண்டி நம் வண்டிமேல் உண்மையிலேயே பட்டிருக்க வேண்டும். குறுக்கே வந்தவரைத் தவிர்க்க வளைத்து மரத்தில் மோதினேன் என்றால் கணக்கில் வராது. ஒரே பெயரில் விற்கும் பொருள் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வேறு பொருளாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அரசு நிதி: உடலுக்கு உண்டு, உலோகத்துக்கு இல்லை

"அதற்கென்று நிதி இருக்கிறது" என்று சொன்ன மூன்றாமவருக்கு இப்போது வருவோம். பொய்யில்லை, இருக்கிறது. இடித்தவர் தெரியவில்லை என்பதற்காக, கால் உடைந்தவரை அப்படியே விட்டுவிட முடியாது என்று பல நாடுகள் முடிவு செய்தன. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1946இல் மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ என்ற அமைப்பை ஏற்படுத்தின. பிரான்ஸ் 1951இல் உத்தரவாத நிதி ஒன்றை அமைத்தது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவு இதற்கானது. 2022 ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் தருகிறார்கள். அதற்குமுன் இது 25,000, 12,500 என்று இருந்தது.

கவனியுங்கள்: மரணம், படுகாயம். அந்தப் பிரிவில் கார் கதவுக்கு இடமில்லை.

ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே மனநிலைதான், கொஞ்சம் நுட்பமாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு வாகனக் காப்பீட்டு ஆணைப்படி, அடையாளம் தெரியாத வண்டி செய்த பொருட்சேதத்துக்குத் தர முடியாது என்று ஒரு நாடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே விபத்தில் யாருக்காவது பெரிய காயம் ஏற்பட்டு அதற்கு நிதியிலிருந்து பணம் கொடுத்திருந்தால், பொருட்சேதத்தைத் தள்ளிவிட முடியாது. அப்போதும் முதல் 500 யூரோ வரை பாதிக்கப்பட்டவர் தலையில் போடலாம். பிரிட்டனின் பீரோவும் இதே ரீதியில்தான் நடந்துகொள்கிறது.

காயம் பெரிதாக இருந்தால் காருக்கும் பணம், இல்லாவிட்டால் இல்லை என்பது விசித்திரமாகத் தெரியலாம். காரணம், நம் நேர்மைமேல் அவர்களுக்கு இருக்கும் சந்தேகம்.

ஏன் இவ்வளவு சந்தேகம்?

அவர்கள் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் பின்னால் எடுக்கும்போது சுவரில் இடித்துவிடுகிறார். வீட்டில் திட்டு வாங்க மனமில்லை, நிறுவனத்திடமும் தன் தப்பு என்று சொல்லப் பிடிக்கவில்லை. "நிறுத்தி வைத்திருந்தேன், யாரோ இடித்துவிட்டார்கள்" என்று சொல்வதைவிடச் சுலபமான கதை உலகத்தில் உண்டா? எதிர்த்துச் சாட்சி சொல்ல ஆளே இல்லை. உடைந்த எலும்பை இப்படிக் கதைகட்டி வரவழைப்பது கடினம், நசுங்கிய பம்பருக்குக் கதை கட்டுவது எளிது. அதனால்தான் நிதிகள் உடல் காயத்தை ஒரு மறைமுகச் சாட்சியாக வைத்துக்கொள்கின்றன. டெக்ஸஸின் "பட்டிருக்க வேண்டும்" நிபந்தனைக்கும் இதுதான் வேர்.

இந்தப் பொய்யில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. ஓன் டேமேஜ் இருந்தால் சுவரில் இடித்ததற்கும் பணம் உண்டு. இந்தியப் பாலிசியில் போனஸ் இழப்புகூட, அதாவது பணம் கேட்காதவருக்குத் தரும் பிரீமியத் தள்ளுபடி போவதுகூட, இரண்டுக்கும் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் வரும் பணத்தைப் பொய் சொல்லி இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏனென்றால் சேதம் பேசும். நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளரை நாம் சர்வேயர் என்கிறோம். அவர் வந்ததும் முதலில் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, பள்ளத்தின் உயரத்தைப் பார்ப்பார். இன்னொரு காரின் பம்பர் பட்டிருந்தால் பள்ளம் பம்பர் உயரத்தில் இருக்கும், அந்தக் காரின் பெயின்ட் மெல்லிய தீற்றலாக நம் வண்டியில் ஒட்டியிருக்கும். சிமெண்டுச் சுவர் என்றால் கீறல்கள் சொரசொரப்பாக, உள்ளே சாம்பல் தூளோடு இருக்கும். கம்பம் என்றால் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் குழிந்திருக்கும். கீறல் முன்னிருந்து பின்னாகப் போகிறதா, பின்னிருந்து முன்னாகப் போகிறதா என்பதிலிருந்து எந்த வண்டி நகர்ந்துகொண்டிருந்தது என்பதையும் ஓரளவு சொல்லிவிடுவார்கள். இதனால்தான் இடிபட்ட வண்டியைக் கழுவாதீர்கள் என்கிறோம். அந்தப் பெயின்ட் தீற்றல் உங்கள் பக்கத்துச் சாட்சி, அதை நீங்களே துடைத்துவிடக் கூடாது.

"முழுசா வந்துடும்": ரசீதைப் பிரித்துப் பார்த்தால்

சரி, ஓன் டேமேஜ் இருக்கிறது, சர்வேயரும் ஒப்புக்கொண்டுவிட்டார். முழுப் பணமும் வருமா? வராது. இரண்டு இடங்களில் வெட்டு விழும்.

முதல் வெட்டுக்குப் பெயர் டிடக்டிபிள். பிரிட்டன், மலேசியா பக்கம் எக்ஸஸ் என்பார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் இவ்வளவு தொகை உங்களுடையது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். இந்தியாவில் 1500 சிசி வரையான தனியார் கார்களுக்குக் கட்டாய டிடக்டிபிள் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பிரீமியம் குறையட்டும் என்று நாமே விரும்பிக் கூட்டிக்கொள்ளும் டிடக்டிபிளும் உண்டு, வாங்கும்போது ஒரு டிக் அடித்துவிட்டு மறந்துபோவது.

இரண்டாவது வெட்டு தேய்மானம். பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியது போடும்போது, பழையதின் வயதுக்கான மதிப்பைக் கழிப்பது. இந்தியப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம் வெட்டு. கண்ணாடிக்கு வெட்டு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்ப ஏறிக்கொண்டே போகும். முதல் ஆறு மாதம் எதுவுமில்லை, மூன்று முதல் நான்கு ஆண்டுக்குள் 25 சதவீதம், பத்தாண்டு தாண்டினால் 50.

ஒரு ரசீதைப் பிரித்துப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை, வெட்டும் விகிதங்கள் உண்மையானவை. கார் வாங்கி மூன்றரை ஆண்டு. பிளாஸ்டிக் பம்பர் 8,000 ரூபாய், பாதி வெட்டுப் போக 4,000 கிடைக்கும். கதவு 12,000, கால் பங்கு வெட்டு, கிடைப்பது 9,000. பெயின்ட் அடிக்க 8,000. இதில் பொருளின் விலை கால் பங்கு, அதாவது 2,000 என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியை வெட்டுவார்கள். ஆக 7,000 கிடைக்கும். கூலி 4,000, அதில் தேய்மானம் இல்லை. மொத்த ரசீது 32,000. வெட்டுக்குப் பிறகு 24,000, டிடக்டிபிள் போக 23,000. மீதி 9,000 நம் கையிலிருந்து.

தேய்மான வெட்டே வேண்டாம் என்றால் ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பீடு இருக்கிறது. பேச்சில் பம்பர் டு பம்பர் என்பது இதைத்தான். புது வண்டிக்கு இதை எடுத்துக்கொள்வது நியாயமான செலவு என்பது என் எண்ணம், ஏனென்றால் நகர நெரிசலில் முதலில் அடிபடுவது பம்பர், அதுதான் பாதி வெட்டு விழும் பிளாஸ்டிக்.

தப்பு என்மேல் இல்லையே, போனஸ் ஏன் போகிறது?

ஹிட் அண்ட் ரன்னில் சிக்கியவர்களுக்கு வயிறு எரிவது இங்கேதான். ஆண்டு முழுக்க கிளெய்ம் போடாமல் இருந்தால் அடுத்த பிரீமியத்தில் தரும் தள்ளுபடிக்கு நோ கிளெய்ம் போனஸ் என்று பெயர். இந்தியாவில் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம்.

பெயரையே பாருங்கள். கிளெய்ம் இல்லாததற்கான போனஸ் இது, தப்பு இல்லாததற்கானது இல்லை. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் பணம் போனதா, போன பணம் வேறு யாரிடமிருந்தாவது திரும்பி வந்ததா என்பதுதான் பதிவாகும். பிரிட்டனில் இன்னும் வெளிப்படையாகவே சொல்வார்கள். நிறுவனத்தால் யாரிடமும் வசூலிக்க முடியாத கிளெய்முக்குத் தப்புள்ள கிளெய்ம் என்றே பெயர். நீங்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. ஜெர்மனியில் ஃபோல்காஸ்கோ வழியாகப் பணம் வாங்கினால் விபத்தில்லா ஆண்டுகளின் படிநிலையில் கீழே இறங்க வேண்டியிருக்கும். எல்லா இடத்திலும் இப்படியில்லை. கலிஃபோர்னியாவில் முக்கியத் தப்பு ஓட்டுநர்மேல் இல்லாத விபத்துக்காகப் பிரீமியத்தை ஏற்றக் கூடாது.

இந்தப் போனஸ் இழப்பை எண்ணாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். மேலே சொன்ன கார்க்காரருக்கு மூன்றாண்டு கிளெய்ம் இல்லாமல் 35 சதவீதம் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 14,000 என்று வைப்போம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45 கிடைத்திருக்கும், போட்டதால் பூஜ்யம். இழப்பு 6,300. அதற்கடுத்த ஆண்டு 50க்குப் பதில் 20, இழப்பு 4,200. பிறகு 25, 35, 45 என்று ஏறும்போது 3,500, 2,100, 700. கூட்டினால் 16,800 ரூபாய். கார் பழையதாக ஆக பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் இது சற்றுக் குறைவாக இருக்கும், ஆனால் படம் இதுதான். 23,000 வாங்கியதில் கையில் நின்ற லாபம் ஆறாயிரம் சொச்சம்.

கதவு தப்பித்து பம்பர் மட்டும் போயிருந்தால்? பம்பர் 8,000, பெயின்ட் 4,000, கூலி 1,000, ரசீது 13,000. வெட்டெல்லாம் போக நிறுவனம் தருவது 7,500. அதற்கு விலையாக 16,800 ரூபாய்த் தள்ளுபடியை விட்டுக்கொடுக்கிறோம். கோபத்தில் போடும் கிளெய்ம்களில் பாதி இந்த வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் காப்பீடும் விற்பனையில் உண்டு. அது இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். இல்லாதவர்கள் ஒர்க்‌ஷாப்பில் உத்தேச ரசீது வாங்கிக்கொண்டு, பக்கத்தில் போனஸ் கணக்கையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சுருக்கமாக இந்த இரண்டு பகுதிகளும் சொல்வது: ஓன் டேமேஜ் தரும், ஆனால் தேய்மானமும் டிடக்டிபிளும் போகத்தான் தரும். தந்த பிறகு போனஸ் வழியாகக் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இடிபட்டதும் செய்ய வேண்டியவை

கிளெய்ம் போடுவதா வேண்டாமா என்பதை நாளைக்கு யோசிக்கலாம், தடயத்தை நாளைக்கு எடுக்க முடியாது. வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். கிட்டத்தில் பள்ளமும் பெயின்டும், தூரத்தில் வண்டி நின்ற இடமும் சுற்றுப்புறமும், கீழே கிடக்கும் உடைந்த துண்டுகளும். உடைந்த விளக்குத் துண்டில் பாக எண் அச்சாகியிருந்தால் அதிலிருந்து இடித்த வண்டியின் மாடலையே கண்டுபிடித்துவிட முடியும், அதனால் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு வையுங்கள்.

கேமரா பதிவுதான் பெரும்பாலும் நழுவிப்போவது. கண்காணிப்புக் கேமராக்கள் இடம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். உங்களுக்குக் காட்ட மறுத்தாலும், "அந்த நேரத்துப் பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள், போலீஸ் கேட்கும்" என்று எழுதியே கொடுத்துவிடலாம். காரில் டேஷ்கேம் வைத்திருப்பவர்கள், நிறுத்திய பிறகும் அது பதிவு செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல டேஷ்கேம்கள் இன்ஜினை அணைத்ததும் தாமும் தூங்கிவிடும், தனி வயர் இணைப்புக் கொடுத்தால்தான் விழித்திருக்கும்.

பிறகு போலீஸ். சின்னக் கீறலுக்குப் போலீஸா என்று தோன்றும். நிறுவனத்துக்கு அந்தக் காகிதம் வேண்டும், ஏனென்றால் நீங்கள் சொல்லும் கதைக்கு அதுதான் தேதி போட்ட முதல் பதிவு. கலிஃபோர்னியாவில் அடையாளம் தெரியாத வண்டியால் காயமடைந்து காப்பீடற்ற ஓட்டுநர் பகுதியில் கேட்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்ற இடங்களில் பாலிசிக் காகிதத்தில் "உடனடியாக" என்று இருக்கும். உடனடியாக என்றால் எத்தனை மணி நேரம் என்ற விவாதத்தை நிறுவனத்தோடு நடத்தும் நிலைக்கு வராமல் இருப்பதே மேல். முதலில் நிறுவனத்துக்குத் தகவல், சர்வேயர் பார்த்த பிறகு பழுதுபார்ப்பு, இந்த வரிசை மாறக் கூடாது. தகவல் சொல்வதும் கிளெய்ம் போடுவதும் ஒன்றா என்ற கேள்வியை அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். வெறும் தகவலையும் பதிவில் ஏற்றும் நிறுவனங்கள் உண்டு.

ஆள் பிறகு சிக்கினால்

சில சமயம் இரண்டு மாதம் கழித்து கேமராப் பதிவில் எண் தெரிந்துவிடும். அதற்குள் உங்கள் நிறுவனம் பணம் கொடுத்து, வண்டியும் சரியாகியிருக்கும். அப்போது அந்தப் பழைய ஜாமீன் உயிர் பெறுகிறது. உங்களுக்குக் கொடுத்த தொகையை இடித்தவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ வசூலிக்கும் உரிமை உங்கள் நிறுவனத்துக்கு வந்துவிடும். இதற்கு சப்ரோகேஷன் என்று பெயர். உங்கள் இடத்தில் அவர்கள் நின்று கேட்கிறார்கள். அதனால்தான் நடுவில் நீங்களாக இடித்தவரிடம் ஏதோ ஒரு தொகை வாங்கிக்கொண்டு "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. கேட்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்தால் நிறுவனத்துக்கும் அது போய்விடும், கொடுத்த பணத்தை உங்களிடமே திரும்பக் கேட்க இடமுண்டு.

வசூல் முழுமையாக நடந்தால், பிரிட்டன் போன்ற நாடுகளில் கிளெய்மின் தப்புள்ள முத்திரை நீங்கி தள்ளுபடி திரும்ப வரும், எக்ஸஸ் தொகையையும் இடித்தவர் தரப்பிடமிருந்து கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் டிடக்டிபிளைத் திரும்பப் பெறும் வழி இதுதான். இந்தியாவில் எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் பொருட்சேதம் கேட்க மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு பம்பருக்காக அந்தப் படி ஏறுபவர்கள் குறைவு. எதுவானாலும், வண்டி எண் கிடைத்த அன்றே உங்கள் நிறுவனத்துக்கும் போலீஸுக்கும் கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மூடிய கோப்பை நிறுவனம் தானாகத் திறந்து பார்க்காது.